அவனா, அவளா? ஆங்கிலப் பரீட்சையில் சீன மாணவர் படும் பாடு

"என் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. அவன் காலை ஆறு மணிக்கே எழுந்து எங்களுக்குச் சமைப்பான்."

இப்படி ஒருவர் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால், ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகும் சீன மாணவர்கள் பலர் ஆங்கிலத்தில் இப்படித்தான் பேசுகிறார்கள். 'ஷி' வர வேண்டிய இடத்தில் 'ஹி' வந்து விழுகிறது. அம்மா ஆண் ஆகிவிடுகிறாள். அப்பா பெண் ஆகிவிடுகிறார்.

இவர்கள் படிப்பில் மட்டமானவர்கள் அல்ல. கணக்கில் புலிகள், ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை உருப்போட்டவர்கள். பிறகு ஏன் இந்தத் தடுமாற்றம்?

காரணம் அவர்களுடைய தாய்மொழியில் இருக்கிறது. மாண்டரின் என்னும் பொதுச் சீன மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றே: 'தா'. எழுதும்போது வெவ்வேறு எழுத்து உண்டு. பெண்பாலுக்கான தனி எழுத்துக்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வழக்குக்கு வந்தது. பேச்சில் இன்றும் வித்தியாசம் இல்லை. பேசும்போது ஆணா, பெண்ணா என்று யோசித்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே அந்த நாக்குக்குக் கிடையாது.

மும்பையிலும் டில்லியிலும் பிழைக்கப் போன தமிழருக்கு இது புரியாத விஷயம் அல்ல. இந்தியில் வண்டி பெண்பால். 'காடி ஆ கயி' என்று சொல்ல வேண்டும். நம்மவர் பல வருஷம் அங்கேயே குடியிருந்தும் 'காடி ஆ கயா' என்று சொல்லிவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்த்து விழிப்பதுண்டு. உயிரில்லாத வண்டிக்கு ஆண், பெண் என்ற பேதம் தமிழில் இல்லை. இல்லாத ஒன்றை நாக்கு எளிதில் கற்றுக்கொள்வதில்லை.

அரை மார்க்கில் போகும் வாழ்க்கை

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக விரும்பும் சீன மாணவர் பெரும்பாலும் இரண்டு பரீட்சைகளில் ஒன்றை எழுதுகிறார். ஒன்று அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய 'டோஃபெல்'. மற்றொன்று 1989-ல் இன்றைய பெயருடன் வந்த 'ஐ.இ.எல்.டி.எஸ்.' சீனர்கள் இரண்டுக்கும் தங்கள் மொழியில் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவது 'துவோஃபூ', இரண்டாவது 'யாஸி'. 'யாஸி' என்ற எழுத்துகளுக்கு 'நேர்த்தியான சிந்தனை' என்று பொருள் கொள்ளலாம். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அப்படித் தோன்றுமா என்பது வேறு விஷயம்!

ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதிகள். காதால் கேட்டுப் பதில் எழுதுவதில் 40 கேள்விகள். படித்துப் பதில் எழுதுவதில் 40 கேள்விகள், ஒரு மணி நேரம். கட்டுரைப் பகுதி ஒரு மணி நேரம். கடைசியாக, தேர்வாளருடன் 11 முதல் 14 நிமிஷம் வரை நேருக்கு நேர் பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 9 வரை மார்க். நான்கின் சராசரியை அரை மார்க் கணக்கில் திருத்தி மொத்த மார்க் போடுகிறார்கள்.

வினை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மாணவர் கேட்பதில் 7, படிப்பதில் 7.5, எழுத்தில் 5.5, பேச்சில் 5.5 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.375. அது 6.5 ஆகத் திருத்தப்படும். சர்வகலாசாலை கேட்டதும் 6.5 தான். ஆனாலும் இடம் கிடைக்காமல் போகலாம். 'எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது' என்று பல சர்வகலாசாலைகள் கூடவே ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன. எழுத்திலும் பேச்சிலும் அந்த அரை மார்க் குறைந்ததால், தகப்பனார் சேமித்த பணமும் மாணவரின் ஒரு வருஷமும் நட்டாற்றில் நிற்கும்.

கற்பனைக்காகச் சொன்ன கணக்கு அல்ல இது. சீன மாணவர்கள் படிப்பதில் கூடுதலாகவும், எழுத்திலும் பேச்சிலும் குறைவாகவும் மார்க் வாங்குவதைப் பரீட்சை நடத்துகிறவர்கள் வெளியிடும் புள்ளிவிவரங்களே காட்டி வந்திருக்கின்றன. பரீட்சை முடிவு சாதாரணமாக இரண்டு வருஷமே செல்லும். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் மறுபடி பணம் கட்டி எழுத வேண்டும்.

ஆகவே டியூஷன் ஆசிரியரிடம் வரும் மாணவர் ஆங்கிலம் கற்க வருவதில்லை. அரை மார்க் வாங்க வருகிறார். ஆசிரியரின் சங்கடம் அங்கே ஆரம்பமாகிறது.

டியூஷன் கடைகளின் கதை

சீனாவில் பத்து வருஷம் நின்றுபோயிருந்த சர்வகலாசாலை நுழைவுத் தேர்வு 1977-ல் மீண்டும் நடந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள்; இடம் கிடைத்தவர் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அடுத்த சில வருஷங்களில் வெளிநாட்டுக் கதவுகள் திறந்தன. 1982-ல் பி.பி.சி. தயாரித்த ஆங்கிலப் பாடங்கள் சீன டெலிவிஷனில் ஒளிபரப்பாயின. கோடிக்கணக்கானவர்கள் பெட்டியின் முன் உட்கார்ந்து ஆங்கிலம் பழகினார்கள்.

அந்தக் காலத்து மாணவர்களில் ஒருவர் யூ மின்ஹோங். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை பீஜிங் சர்வகலாசாலையில் இடம் பிடித்தவர். அமெரிக்கா போக ஆசைப்பட்டார், முடியவில்லை. போக விரும்பும் மற்றவர்களைத் தயார் செய்யும் தொழிலில் இறங்கி, 1993-ல் 'நியூ ஓரியண்டல்' என்ற பள்ளியைத் தொடங்கினார். அது சீனாவின் மிகப் பெரிய டியூஷன் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. வளர்ச்சியோடு வம்பும் வந்தது. தங்கள் கேள்வித்தாள்களை அனுமதியின்றி அச்சிட்டு விற்றதாக டோஃபெல் நடத்தும் அமெரிக்க நிறுவனம் 2001-ல் வழக்குத் தொடுத்தது. 2003-ல் பீஜிங் நீதிமன்றம் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அப்பீலில் தொகை குறைந்தது.

2021-ல் பெரிய இடி விழுந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காக, பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதைச் சீன அரசு கட்டுப்படுத்தியது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்து இத்தகைய வகுப்பு நடத்துவதற்கும் தடை வந்தது. நியூ ஓரியண்டலில் மட்டும் சுமார் 60,000 பேர் வேலை இழந்தனர். அந்த வருஷக் கடைசியில் அதே நிறுவனம் அரிசி, பழம் முதலிய பொருள்களை இணையத்தில் நேரடி ஒளிபரப்பு மூலம் விற்க ஆரம்பித்தது. பழைய ஆசிரியர்களே விற்பனையாளர்கள். கையில் பொருளும் பக்கத்தில் பலகையுமாக, விற்கும்போதே ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார்கள். மக்கள் அதை ரசித்து வாங்கினார்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்காக வயது வந்தவர்கள் எழுதும் பரீட்சைக்கு மட்டும் பயிற்சி நிற்கவில்லை. தேவை இருக்கும் வரை அது நிற்கவும் நிற்காது.

நினைக்கிறேனா, மூழ்குகிறேனா?

சீன மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அவருடைய காதையும் நாக்கையும். மாண்டரின் மொழியில் ஒரே அசையை நான்கு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் நான்கு அர்த்தம். 'மா' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் அம்மா. மற்ற விதங்களில் சணல், குதிரை, திட்டுதல். இவ்வளவு நுட்பமான காதுள்ளவர்கள் ஆங்கிலத்தில் ஏன் தடுக்கி விழுகிறார்கள்?

சொல்லின் கடைசியில்தான் சிக்கல். மாண்டரினில் ஓர் அசை உயிரெழுத்தில் முடியும். இல்லாவிட்டால் 'ன்', 'ங்' போன்ற ஒலியில் முடியும். பீஜிங் பக்கம் 'ர்' உண்டு. க், ட், ப், ஸ் என்று முடியும் அசை கிடையாது. ஆகவே ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுகிறார்கள். அல்லது, தமிழர் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்றும் 'பேங்க்' என்பதை 'பேங்கு' என்றும் சொல்வது போல, ஓர் உயிரை ஒட்ட வைக்கிறார்கள்.

இது வெறும் உச்சரிப்புக் குறை அல்ல. 'நேற்று வேலை செய்தேன்' என்பதற்கு 'ஒர்க்ட்' என்று சொல்ல வேண்டும். கடைசி 'ட்' விழுங்கப்பட்டால் கேட்பவர் காதில் 'ஒர்க்' என்றுதான் விழும். மாணவருக்கு இறந்த காலம் தெரிந்திருந்தும், தெரியாதவர் போல ஆகிவிடுகிறது. உச்சரிப்பில் போகும் மார்க் இலக்கணத்திலும் போகிறது.

இன்னொரு தொல்லை 'திங்க்'. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் அந்த ஒலி மாண்டரினில் இல்லை. தமிழர் அதைத் 'த' ஆக்கிச் சமாளிக்கிறார்கள். சீனர்கள் 'ஸ' ஆக்குகிறார்கள். விளைவு, 'நான் நினைக்கிறேன்' என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் 'நான் மூழ்குகிறேன்' என்று ஆரம்பிக்கிறது. அபிப்பிராயம் கேட்கும் பரீட்சையில் இது அடிக்கடி வரும் வாக்கியம்!

அதே சமயம் ஒன்றை மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டும் என்று பரீட்சை கேட்கவில்லை. சொல்வது சிரமமில்லாமல் புரிந்தால் போதும். பேச்சுக்கு நான்கு அம்சங்களில் மார்க்: தடையில்லாத ஓட்டம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றப் பழகும் நேரத்தில், சொல்லின் கடைசி எழுத்தை ஒழுங்காகச் சொல்லப் பழகினால் பலன் அதிகம்.

தமிழருக்குத் தெரிந்த வாசல்

சீனமும் தமிழும் உறவு மொழிகள் அல்ல. இருந்தாலும் சில இடங்களில் ஆச்சரியமான ஒற்றுமை. தமிழர் ஒருவர் சீன மாணவருக்குப் பாடம் சொன்னால் இந்த ஒற்றுமைகள் கை கொடுக்கும்.

'நேற்று வாங்கின புத்தகம்' என்று தமிழில் சொல்கிறோம். சீனத்திலும் அதே வரிசைதான்: நேற்று, வாங்கு, 'த' என்ற ஓர் இடைச்சொல், புத்தகம். ஆங்கிலத்திலோ புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு, அது எந்தப் புத்தகம் என்ற விவரத்தைப் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். நீண்ட வாக்கியங்களில் சீன மாணவர் தலைகீழாக விழுவதற்கு இது முக்கிய காரணம். அந்த இடறலைத் தானும் அனுபவித்த ஆசிரியருக்கு அது எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

'உனக்குப் பிடிக்காதா?' என்று கேட்டால் தமிழர் 'ஆமாம், பிடிக்காது' என்பார். சீனரும் அப்படியே. ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வர வேண்டும். 'யெஸ்' என்று சொல்லிவிட்டால் அர்த்தமே மாறிவிடும்.

'மூன்று பேர்' என்று ஆட்களை எண்ணும்போது தமிழில் ஒரு சொல்லை நடுவில் வைக்கிறோம். சீனத்தில் எதை எண்ணினாலும் அப்படி ஒரு சொல் தேவை. புத்தகத்துக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. ஆனால் பொருளின் பெயருக்குப் பன்மை விகுதி கிடையாது. 'மூன்று புத்தகம்' என்பதே சீன வழக்கு. ஆங்கிலப் பன்மையின் 'ஸ்' மறந்துபோவது இதனால்தான்.

உறவுமுறையிலும் இப்படியே. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் சீனத்தில் தனித்தனிப் பெயர்: 'கொகொ', 'திதி', 'ஜியெஜியெ', 'மெய்மெய்'. ஆங்கிலத்தில் 'பிரதர்', 'சிஸ்டர்' இரண்டோடு சரி. மூத்தவரா, இளையவரா என்று சொல்லாமல் விடுவது சீன மாணவருக்குக் குறையாகப் படுகிறது. தமிழருக்கும் அப்படித்தானே!

எண்ணிக்கையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழர் லட்சத்திலும் கோடியிலும் எண்ணுகிறோம். சீனர்கள் பத்தாயிரத்தை ஒரு 'வான்' என்று வைத்து எண்ணுகிறார்கள். லட்சம் என்பது பத்து வான். பத்து லட்சமான 'மில்லியன்' அவர்களுக்கு நூறு வான். பத்துக் கோடிக்கு 'யி' என்று தனிப் பெயர். கட்டுரைப் பகுதியின் முதல் கேள்வியில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்களில் விவரிக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு பூஜ்யம் கூடினால் ஊர் ஜனத்தொகை நாட்டு ஜனத்தொகை ஆகிவிடும்.

இனி வேற்றுமைகள். தமிழில் 'போகிறேன், போனேன், போவேன்' என்று வினை காலத்துக்குத் தக்கபடி மாறும். சீனத்தில் வினைச்சொல் மாறுவதே இல்லை. 'நேற்று', 'நாளை' என்று சொன்னால் போதும். செயல் முடிந்ததைக் காட்ட 'ல' என்ற ஒட்டு உண்டு. ஆகவே காலம் காட்டுவது தமிழருக்கு இயல்பு. சீனருக்குப் புதுப் பழக்கம். 'மழை பெய்ததால் ஆகவே வரவில்லை' என்ற மாதிரி 'பிகாஸ்', 'ஸோ' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதும் சீன வழக்கு. அங்கே அது சரி. ஆங்கிலத்தில் ஒன்று போதும்.

மனப்பாடம் என்னும் மாயவலை

இலக்கணத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதுதான் தயார்க் கட்டுரை.

பரீட்சை எழுதிவிட்டு வருகிறவர்கள் நினைவில் உள்ள கேள்விகளைத் தொகுத்து வைப்பது சீனாவில் வெகு காலமாக நடக்கிறது. அந்தத் தொகுப்புகளைப் பார்த்துப் பதில்களை மனப்பாடம் செய்கிறார்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, எதற்கும் ஒட்டும் முடிவுரை, நடுவில் கோடிட்ட இடம். மாணவர் நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

இது ஓரளவு பலன் தருவது உண்மையே. ஒன்றும் தெரியாதவருக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிறது. ஆனால் மேலே ஏற வேண்டிய மாணவரை அதுவே கீழே பிடித்து இழுக்கிறது. மனப்பாடப் பேச்சைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. சரளமாக ஓடிக்கொண்டிருந்த மாணவரிடம் 'ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?' என்று ஒரு குறுக்குக் கேள்வி போட்டால் போதும். ரிக்கார்டு நின்றுவிடும். அடுத்த வாக்கியம் வேறொருவர் பேசுவது போல இருக்கும்.

டியூஷன் ஆசிரியரின் மனச்சாட்சிக்குச் சோதனை இதுதான். பெற்றோர் பணம் கட்டியாகிவிட்டது. பரீட்சைக்கு ஆறு வாரம். 'ஸார், டெம்ப்ளேட் கொடுங்கள்' என்று மாணவர் கேட்கிறார். கொடுத்துவிட்டால் மாணவர் மகிழ்வார், பெற்றோர் மகிழ்வர், ஆசிரியருக்கும் வேலை மிச்சம். முடிவு வரும் நாளில்தான் அழுகை. ஒருவேளை தப்பித் தவறி மார்க் வந்துவிட்டாலும், கடல் கடந்து போய் வகுப்பில் உட்கார்ந்தால் வாத்தியார் பேசுவது புரிய வேண்டுமே! அங்கே கோடிட்ட இடம் கிடையாது.

நல்ல ஆசிரியர் செய்வது

மாணவர் பேசுவதை இரண்டு நிமிஷம் பதிவு செய்து அவரையே கேட்க வைப்பது முதல் வேலை. எத்தனை 'ஹி', 'ஷி' மாறியது என்று அவரே எண்ணட்டும். பிறர் திருத்துவதைவிடத் தன் காதில் விழுவது ஆழமாகப் பதியும். பிறகு தினமும் பாட்டியைப் பற்றியோ அக்காவைப் பற்றியோ ஒரு கதை சொல்லச் சொல்ல வேண்டும். நாக்குக்கு 'ஷி' பழகும் வரை கதை நிற்கக் கூடாது.

இரண்டாவது, யோசிக்கும்போது வரும் 'நெய்க' என்ற சொல். அதற்கு 'அந்த' என்று பொருள். தமிழர் 'வந்து... அது வந்து...' என்று இழுப்பது போல, சீனர்கள் 'நெய்க, நெய்க' என்று இழுப்பார்கள். ஆங்கிலம் பேசும்போதும் அது நடுவில் நுழையும். அதற்குப் பதிலாக ஓர் ஆங்கில இழுவையைச் சொல்லிக் கொடுத்தால் பேச்சு தடைபடாது.

மூன்றாவது, ஒற்றைச் சொல் பதில். 'உங்கள் ஊர் பிடிக்குமா?' என்றால் 'பிடிக்கும்' என்று நிறுத்திவிடுவார்கள். அதிகம் பேசுவது மரியாதை அல்ல என்று வளர்ந்தவர்கள். பள்ளியில் ஒரு கேள்விக்கு ஒரே சரியான பதில் என்று பழகியவர்கள். இந்தப் பரீட்சையில் அபிப்பிராயத்துக்கு மார்க் இல்லை. அதைச் சொல்லும் மொழிக்குத்தான் மார்க். ஒரு பதில், ஒரு காரணம், ஓர் உதாரணம் என்று மூன்று படியாகப் பேசப் பழக்க வேண்டும். அட்டையைக் கொடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்லும் பகுதிக்கு இந்தப் பழக்கம் உயிர்.

நான்காவது, கட்டுரை. ஒரு மணி நேரத்தில் 20 நிமிஷம் முதல் கேள்விக்கு; 40 நிமிஷம் இரண்டாம் கேள்விக்கு. இரண்டாவதுக்கு இரட்டிப்பு மதிப்பு; குறைந்தது 250 சொற்கள் வேண்டும். அகராதியில் பொறுக்கிய பெரிய சொற்களைவிட, சரியான சிறிய சொற்கள் மேல். கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாராவிலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பெற்றோரிடம் பேச வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான வேலை இதுதான். 5.5 வாங்கும் மாணவர் நாலு வாரத்தில் 7 வாங்க மாட்டார் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை. பரீட்சைத் தேதியைத் தள்ளிப் போட முடிந்தால் தள்ளிப் போடச் சொல்லலாம். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி சில இடங்களில் வந்திருக்கிறது. சேரப் போகும் சர்வகலாசாலை அதை ஏற்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லலாம். இப்படிச் சொல்கிற ஆசிரியரிடம் சில மாணவர்கள் வராமல் போகலாம். வந்தவர்களுக்கு வருஷமும் பணமும் மிஞ்சும்.